முகம் வராத ஆட்டம்

அந்தக் காலத்தில் பறவைக்கும் மேகத்துக்கும் ஒரே பாஷைதான். ஆனால் மேகம் பேசினால் இடியாகக் கீழே வந்து சேரும். கீழே இருப்பவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் பாதி வழிகூட ஏறாது. அதனால் ஏரிக்கரைக்காரர்கள் சொல்ல வேண்டியதை ஆடிச் சொன்னார்கள். ஐப்பசி பிறந்து கருமேகம் அந்தப் பக்கம் வரும்போது எல்லாரும் கரையில் இறங்குவார்கள். தாகத்தில் வாடியவன் தாகத்தை ஆடுவான். குஞ்சைப் பறிகொடுத்தவள் அந்தத் துக்கத்தை ஆடுவாள். தாளம் கிடையாது, வரிசை கிடையாது. மேகம் பார்க்கும், மனம் இளகும், கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும்.

நெடுங்காலன் என்ற வெள்ளைக் கொக்குக்கு மட்டும் இதைப் பார்த்தால் மானம் போகும். “இதுக்குப் பேரு ஆட்டமா? சந்தையில மாடு மிரண்ட மாதிரி இருக்கு” என்பார். சொன்னதோடு நிற்கவில்லை. தாமே யோசித்து அடவுகளை வகுத்தார். நாணல் தண்டு ஒன்றைத் தட்டுகழியாக எடுத்துக்கொண்டு, கரையில் பள்ளிக்கூடம் வைத்து நட்டுவனார் ஆகிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, அவரைப் போல் கால் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பாதம் ஒரு விரற்கடை தள்ளி விழுந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். கொஞ்ச நாளில் கரையே அவரிடம் பாடத்துக்கு வந்தது, ஐப்பசி ஆட்டமும் அவர் வகுத்தபடி ஆகிவிட்டது.

அவர் பள்ளியில் சட்டம் ஒன்றுதான். ஏழு வருஷம் காலுக்கு மட்டும் பாடம். அதுவரை முகம் அசையக் கூடாது. “சோறு வேகட்டும், நெய்யை அப்புறம் விட்டுக்கலாம்” என்பது அவர் வாக்கு. பாடத்தின் நடுவே யாராவது சிரித்தாலோ கண் கலங்கினாலோ கணுக்காலில் ஓர் அடி விழும். அவருடைய மகள் பூவாளுக்கு அந்த அடி விழுந்ததே இல்லை. தாயில்லாத பிள்ளை, அப்பா சொன்னால் அதுதான் வேதம். எவ்வளவு ஆடினாலும் அவள் முகம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கும். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

சிலம்பாயி என்ற ஆள்காட்டிக் குருவியும் அங்கே படித்தாள். அவள் இனம் வெறுந்தரையில் முட்டையிடும் இனம். ஒருநாள் மாடு மிதித்து நாலு முட்டையும் போயிற்று. மறுநாள் காலையில் அவள் பாடத்துக்கு வந்துவிட்டாள், வீட்டில் இருந்து என்ன செய்வது என்று. பாதி அடவில் அவள் கால் நொண்டியது. தொண்டையிலிருந்து அழுகை பீறிட்டது.

நட்டுவனார் தட்டுகழியை நிறுத்தினார். “என்ன இது?”

“முட்டை போச்சுங்கய்யா. நாலும் போச்சு.”

“கேள்விப்பட்டேன். வருத்தந்தான். அதை வாசல்ல வச்சிட்டு வா.”

“வாசல்ல வைக்கிற சாமானா அது? கால் வரைக்கும் இறங்கிக் கிடக்கு.”

“அப்படின்னா அந்தக் காலு எனக்கு வேண்டாம். நீ போகலாம்.”

அவள் அக்கரைக்குப் போய்விட்டாள். இதையெல்லாம் பார்த்தபடி ஆடிக்கொண்டிருந்த பூவாளுக்கு ஓர் அடவும் தப்பவில்லை. அது மட்டும் அப்பாவின் கண்ணில் பட்டது.

இரண்டு வருஷம் ஏரி நிறைந்தே கிடந்தது. மேகம் வந்து ஆட்டத்தைப் பார்த்து நாலு தூறல் மட்டும் போட்டுவிட்டுப் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வருஷம் ஏரி வற்றியது. மீன் செத்துச் சேற்றோடு காய்ந்தது. குட்டைகளில் கலங்கல் தண்ணீர் கொஞ்சம் மட்டும் மிஞ்சிய பிறகு நட்டுவனார் ஒரு நாளைக்கு ஒரு வேளை இருந்த பாடத்தை மூன்று வேளை ஆக்கினார். ஆட்டம் சுத்தமாக இருந்தால் மேகம் சொக்கி நிற்கும் என்று அவர் நம்பினார். பாவம், நிஜமாகவே நம்பினார். “தண்ணி குடிச்சியாம்மா?” என்று மகளைக் கேட்பார். “ம்” என்பாள். முகத்தைப் பார்ப்பார், அதில் ஒன்றும் இருக்காது. சரி, குடித்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வார்.

கடைசியில் மேகம் வந்தது. நாற்பது பறவைகள் ஒரே காலாக ஆடின. ஒரு பிசிறு கிடையாது. ஏரி காய்ந்தது மேகத்துக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் காய்ந்த சேறும் வெயிலில் தண்ணீராகத்தான் மின்னும். மேகத்துக்குத் தெரிந்தது ஆடுகிறவர்களின் முகம்தான்.

“ரொம்ப அழகா ஆடறீங்க” என்று மேகம் இடித்தது. “ஒரு முகத்துலயும் ஒரு குறை காணோம். நல்லா இருங்க. கெழக்க யாரோ தவிச்சுக் கிடக்காங்களாம், நான் அங்க போறேன்.”

மேகம் நகர்ந்தது. வறண்ட தொண்டைகள் கத்திப் பார்த்தன. நட்டுவனார் நாணல் தண்டை ஓங்கித் தட்டினார். “நிறுத்தாதீங்க. இன்னும் சுத்தமா ஆடுங்க” என்றார். ஆடினார்கள், இன்னும் சுத்தமாக. மேகம் இன்னும் நிம்மதியாகப் போயிற்று.

பூவாள் கடைசி அடவை முடித்து, சிறகு குவித்துக் கும்பிட்டு, அப்படியே சரிந்தாள். அவர் ஓடிப்போய்த் தாங்கினார்.

“என்னம்மா?”

“மூணு நாளாவே முடியலப்பா.”

“ஏம்மா சொல்லல?”

“காட்டக் கூடாதுன்னீங்களே.”

உயிர் போனபோதும் அந்த முகம் மாறவில்லை. அதனால் மகள் போய்விட்டாள் என்பது அவருக்குத் தெரியவில்லை. வெகுநேரம் அவளோடு பேசிக்கொண்டே இருந்தார்.

அக்கரையிலிருந்து பார்த்த சிலம்பாயிக்குத்தான் தெரிந்தது. சிறகு தரையில் இழுபட, கால் நொண்ட, அலறிக்கொண்டு ஓடிவந்தாள். செத்துக் கிடந்த பெண்ணைச் சுற்றிச் சுற்றி ஓடினாள், விழுந்தாள், எழுந்தாள். அவளுடைய நாலு முட்டையும் அதில் இருந்தன, பூவாளும் இருந்தாள், ஏரியும் இருந்தது. வானத்து விளிம்பில் மேகம் திரும்பிப் பார்த்தது.

“இவ்வளவு இருந்துதா? யாருமே சொல்லலையே” என்று அது இடித்த குரல் தழுதழுத்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. ஏரி நிறைந்தது. மற்றவர்கள் பிழைத்தார்கள்.

மழை விட்டபின் நட்டுவனார் தண்ணீரில் இறங்கினார். மகளுக்காக ஒரு முறை ஆட வேண்டும் என்று தோன்றியது. ஒரு காலைத் தூக்கினார். அடவு அத்தனையும் நினைவில் இருந்தது. முகம்தான் வரவில்லை. நெஞ்சில் பாறையாகக் கிடந்த துக்கம் கழுத்துக்கு மேலே ஏறவில்லை. அந்த வழியை அவரே எத்தனையோ வருஷமாக அடைத்து வைத்திருந்தார்.

“அழுதுடுங்கய்யா” என்றாள் சிலம்பாயி.

“வரலம்மா.”

“காலை வச்சு ஆட ஆரம்பிங்க. அப்புறம் தானா வரும்.”

“அதைத்தான் நான் ஊருக்கெல்லாம் சொன்னேன், காலு முதல்ல, முகம் அப்புறம்னு. இந்த ஒரு தடவை முகம் வரட்டும். வந்தப்புறம் காலை வைக்கிறேன்.”

அவள் நெடுநேரம் பக்கத்தில் இருந்து பார்த்தாள். பிறகு அக்கரைக்குப் போனாள்.

கொக்கு மீனுக்காக நிற்கிறது என்று நாம் சொல்கிறோம். மீன் வந்தால் கொத்தத்தான் செய்கிறது, வயிறு என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் அன்று முதல்தான் கொக்கு தூக்கிய காலைக் கீழே வைக்காமல், அசையாத முகத்தோடு, ஒரு துளி அழுகைக்காகத் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறது.