சாம்பல் மேட்டுக்கு ஒரு மூடி

காக்கைகள்கூட வெளுத்துப்போய்ப் பறந்த ஊர் அது. அனல்மின் நிலையம் கொட்டிய சாம்பல் மேட்டுக்குப் பயந்து எல்லாரும் கிளம்பிவிட, மாசானம் மட்டும் தன் ஆட்டோடு பேசிக்கொண்டு கிடந்தான்.

மேட்டை மூடினால் கட்டுபடியாகுமா என்று கணக்குப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார்.

"மூடுறதுக்குக் கோடிக்கணக்கில் செலவு. பலன் உனக்கு மட்டும்தான். ஒரே ஒரு ஆளுக்காக மூட முடியுமாய்யா? நீயும் கிளம்பு."

"சரிங்கய்யா. முதல்ல சாப்பிடுங்க. மனுசரோட உட்கார்ந்து ரொம்ப நாளாச்சு."

அதிகாரி டிபன் கேரியரைத் திறந்தார். காற்று வீசியது. சட்டென்று மூடினார்.

"திறந்தே வைங்கய்யா," என்றான் மாசானம். "சாப்பிடப்போறது ஒரே ஒரு ஆள்தானே. அதுக்கு எதுக்கு மூடி?"

அதிகாரி வாயைத் திறக்காமலே கணக்கைத் திருத்தி எழுதினார்; திறந்தால் சாம்பல் விழும்.

மேட்டை மூடினார்கள். காக்கைகள் மறுபடி கறுத்தன. மாசானம் தினமும் இரண்டு இலை போட்டு, சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.