தும்பைக்கு மண் வைத்தது யார்?

முள்ளம்பன்றிக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும், தெரியுமா?

முதுகு முள்ளெல்லாம் நட்டுக்கொண்டு நிற்கும். வாலை ஆட்டினால் காய்ந்த வாகை நெற்று மாதிரி சலசலவென்று சத்தம் வரும். எதிரில் சிறுத்தையே வந்தாலும் கொஞ்சம் யோசிக்கும். கல்மடுக் காட்டில் சிலுப்பன் என்று ஒரு முள்ளம்பன்றித் தாத்தா இருந்தார். அவர் வாலில் அந்தச் சத்தம் ஓய்ந்த நாளே கிடையாது. அணில் பழத்தைக் கீழே போட்டாலும் கோபம், போடாவிட்டாலும் கோபம்!

பேத்தி தும்பையைப் பார்த்தால் மட்டும், எண்ணெய் தடவிச் சீவின மாதிரி முள்ளெல்லாம் படிந்துவிடும்.

தும்பையின் அம்மாவைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. அப்பன்காரன் கருவாலன், பால்குடி மறக்காத குட்டியைக் கொண்டுவந்து மாமனாரின் வளை வாசலில் விட்டான்.

"மாமா, ரெண்டு நாள் பாத்துக்குங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் நல்ல வளையா ஒண்ணு பாத்துட்டு ஓடி வந்திடறேன்!" என்றான்.

போனவன் போனவன்தான். மழை வந்தது, போனது. காடு இலை உதிர்த்தது, துளிர்த்தது. கருவாலனைக் காணோம்.

தாத்தா குட்டியை வளர்த்தார். கிழங்கைத் தோண்டி, தோலை உரித்து, தானே மென்று குழைத்து ஊட்டினார். பகை வந்தால் முன்னால் பாயக் கூடாது, திரும்பி நின்று பின்னால் பாய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். தும்பையும் பார்த்ததையெல்லாம் பகையாக நினைத்து அடிமரத்தில் பின்னால் போய் முட்டிக்கொள்வாள்!

கல்மடுக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. குட்டி பிறந்ததும் பெற்றவர்கள் அதை மடுக்கரைக்குக் கூட்டிப்போவார்கள். எல்லோரும் பார்க்க, மடுவின் சேற்றை எடுத்து அதன் நெற்றியில் வைப்பார்கள். அன்றிலிருந்து அந்தக் குட்டிக்காகப் பேச வேண்டியவர், பதில் சொல்ல வேண்டியவர் எல்லாம் மண் வைத்தவர்தான். வேறு யாராவது வளர்க்க நேர்ந்தால், அவர்களும் மடுக்கரைக்கு வந்து வாய்விட்டுச் சொல்லிப் புது மண் வைக்க வேண்டும்.

பக்கத்துப் புதரில் இருந்த முயல் பாவாயி, நான்கு குட்டிக்காரி, தாத்தாவிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டாள்.

"தாத்தா, ஒரு எட்டு போய் மண் வெச்சுட்டு வந்திடுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?"

"என் பேத்திக்கு நான் தாத்தான்னு ஊரைக் கூட்டிச் சொல்லணுமா? போ, போ! போய் உன் குட்டிங்களை எண்ணிப் பாரு, ஒண்ணு குறையுது!"

பாவாயி பதறிப்போய் ஓடி எண்ணிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. "கிழத்துக்குக் குசும்பைப் பாரு!" என்று பல்லைக் கடித்தாள்.

தாத்தா போகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மடுக்கரையில் கூட்டம் நெருக்கும். முள்ளம்பன்றி உள்ளே நுழைந்தால், "ஐயோ, குத்துது! ஏய், தள்ளி நில்லு!" என்று எல்லோரும் கத்துவார்கள். வாலிபத்தில் ஒருமுறை அப்படிப் பேச்சு வாங்கியவர், "இனி அந்தக் கரையை மிதிக்க மாட்டேன்" என்று வீம்பாக இருந்துவிட்டார்.

ஒரு நாள் வேடன் வைத்த கண்ணியில் தும்பையின் பின்னங்கால் மாட்டிக்கொண்டது. கண்ணிக் கயிற்றைக் கடித்து அறுத்து விடுவித்தார் தாத்தா. கால் மறுநாளே பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கிவிட்டது. முதுகில் ஏற்றிக்கொள்ளலாம் என்றால், முள்! அதனால் மூக்கால் மெல்ல மெல்லத் தள்ளியபடியே பேத்தியை வைத்தியர் கரடியின் குகைக்குக் கொண்டுபோனார்.

கரடி புண்ணைப் பார்த்தார். பச்சிலையை எடுத்தார். அப்புறம் கையை நிறுத்தினார்.

"குட்டிக்கு மண் வெச்சது யாரு?"

"இதோட அப்பன்."

"அவரைக் கூட்டியாங்க."

"அவன் எந்தப் பொந்துல கிடக்கானோ! நான்தான் வளர்க்கிறேன். கட்டுங்க, வைத்தியரே!"

"நாளைக்கு அவர் வந்து, யாரைக் கேட்டுக் கட்டினேன்னு சண்டைக்கு நின்னா? முன்னே ஒருதரம் அப்படி ஒரு பன்னிகிட்ட மாட்டிக்கிட்டுப் பட்டதே போதும்."

"யார் மண் வெச்சதுன்னு புண்ணுக்குத் தெரியுமாய்யா?"

"எனக்கும் மனசு கேக்கலை. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கே!"

"உன் முறையில இடி விழ!" என்று தாத்தா கத்தினார். குகையே சலசலத்தது. மறுநாள் மனசு கேட்காமல் திரும்பவும் போனார். கெஞ்சினார். அன்றும் அதே பதில்தான். வேறு வழியில்லாமல் தெரிந்த இலையை மென்று துப்பி, புண்ணை நக்கி நக்கியே ஆற்றினார். புண் ஆறியது. ஆனால் தும்பை அதிலிருந்து நொண்டி நொண்டித்தான் நடந்தாள்.

அவள் நொண்டும்போதெல்லாம் தாத்தாவின் வால் சலசலத்தது.

"இப்பவாவது போய் மண் வைங்க!" என்றாள் பாவாயி.

"இப்போ போனா அந்தக் கரடிக்குப் பயந்துக்கிட்டுப் போன மாதிரி ஆயிடும். முடியாது!"

பார்த்தீர்களா? கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபத்தை வேலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே உட்கார வைத்துச் சோறு போட்டால் அது என்ன செய்யும்? வீட்டைத்தான் தின்னும்.

அடுத்த மழை தொடங்கியதும், கிழங்கு தோண்டும் சரிவில் ஒவ்வொரு வளைக்கும் இடம் பிரித்தார்கள். குட்டி உள்ள வளைக்குத்தான் மண் இளகின மேட்டில் இடம் என்று ஊரில் பேச்சு. அன்று மாலையே கருவாலன் வந்து நின்றான்! உடம்பு கொழுகொழுவென்று இருந்தது.

"மாமா, சௌக்கியமா? குட்டியைக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

"வாங்க மாப்பிள்ளை, வாங்க! ரெண்டு நாள் முடிஞ்சுதாக்கும்?"

"என்ன மாமா, குத்திப் பேசறீங்க?"

"முள்ளம்பன்றி குத்தாம, பின்னே தடவியா கொடுக்கும்? நெத்தியில மண்ணு வெச்சதோட சரி. அப்புறம் அவ தலையிலதானடா மண்ணள்ளிப் போட்டே!"

"மண் வெச்சது நான்தானே? அது போதும். என் குட்டி, நான் கூட்டிட்டுப் போறேன். வேணும்னா மடுக்கரையில கேட்டுக்கலாம்!"

தும்பை தாத்தாவின் வயிற்றுக்குக் கீழே புகுந்துகொண்டாள். அங்கே மட்டும்தான் முள் கிடையாது.

மறுநாள் பொழுது சாயும் நேரம், மடுக்கரையில் கூட்டம். நடுவில் காட்டெருமை திமிலர். கல்மடுக் காட்டில் வழக்குத் தீர்ப்பவர் அவர்தான்.

"மண் வைத்தவன் கருவாலன். வளர்த்தவர் உரிமை கேட்காதவரை குட்டி அவனோடுதான் போக வேண்டும். யாராவது கேட்கிறீர்களா?" என்றார் திமிலர்.

தாத்தா கேட்டாரா? இல்லை. திட்டினார்! கருவாலனைத் திட்டினார். கரடியைத் திட்டினார். "நீங்களும் உங்க சேறும்!" என்று மடுவையே திட்டினார். ஆத்திரம் தலைக்கேற, சட்டென்று திரும்பி நின்று கருவாலன் மேல் பின்னால் பாய்ந்தார். கருவாலன் ஒதுங்கிக்கொண்டான். ஒரு முள் திமிலரின் முன்னங்காலில் ஏறி நின்றது!

கூட்டம் சிதறி ஓடியது.

"பாத்தீங்களா? இந்த முரட்டுக் கிழத்துகிட்டயா என் குட்டி வளரணும்?" என்று கருவாலன் கூவினான்.

தும்பை நடுங்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் தாத்தாவின் வால் ஓய்ந்தது. தன்னாலேயே பேத்தி போய்விடுவாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

புதருக்குள்ளிருந்து பாவாயி கத்தினாள். "தாத்தா! திட்டினது போதும், கேளுங்க! உங்க வாயால கேட்டாத்தான் தருவாங்க!"

தாத்தா மூச்சை இழுத்துவிட்டார். ஒவ்வொரு முள்ளாகப் படிய வைத்தார். அது அவருக்குச் சாமானிய வேலை இல்லை. ஓடிய கூட்டம் மெல்லத் திரும்பி வந்தது.

"பெரியவரே, கால்ல குத்தினது தப்பு. இந்தக் குட்டியை நான் வளர்த்தேன். இனிமேலும் நான்தான் வளர்ப்பேன். அந்தப் பொறுப்பை எனக்குக் கொடுங்க. கேக்கறேன்."

"வளர்த்ததற்குச் சாட்சி?"

பாவாயி முன்னால் வந்தாள். "நான் சாட்சி. ஊட்டினதைப் பாத்தேன், தாலாட்டினதைக் கேட்டேன். அந்தக் குரலைக் கேட்டு என் குட்டிங்க மூணு பொழுது தூங்கலை!"

கூட்டம் சிரித்தது. அடுத்துக் கரடி எழுந்து தலையைக் குனிந்துகொண்டார். "நானும் சாட்சி. இந்தக் குட்டி அடிபட்டப்போ என் குகைக்கு வந்தவர் இவர்தான். நான் திருப்பி அனுப்பினேன். மறுபடியும் வந்தார். மறுபடியும் அனுப்பினேன். வேற யாரும் வரலை."

"இதைச் சொல்ல இப்பத்தான் வாய் வந்துதா!" என்று தாத்தா உறுமினார். ஆனால் முள் எழவில்லை.

திமிலர் கருவாலன் பக்கம் திரும்பினார். "குட்டிக்குக் காலில் என்ன?"

"காலா? கால்ல என்ன? நல்லாத்தானே இருக்கு?" என்றான் கருவாலன்.

நொண்டி நொண்டித்தான் தும்பை கரைக்கே வந்திருந்தாள்.

"கேளுங்கள், சிலுப்பரே," என்றார் திமிலர். "வழி மூன்று உண்டு. மண் வைத்தவனே 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்று இங்கே வந்து சொல்வது ஒன்று. அவன் எப்போது வேண்டுமானாலும் பேச்சை மாற்றலாம். அடுத்தது காவல் மண். குட்டிக்கு எல்லாமே நீங்கள்தான், மருந்துக்கும் நீங்கள், மற்றதற்கும் நீங்கள். ஆனால் அப்பன் அப்பனாகவே இருப்பான், வந்து பார்ப்பான். கடைசி, முழு மண். பழைய மண்ணை அடியோடு கழுவிவிடுவோம். பிறகு அவன் இவளுக்கு யாரோ. ஒரு முழு மழைக்காலம் எட்டிப் பார்க்காதவன் சம்மதம் காவல் மண்ணுக்கும் வேண்டாம், முழு மண்ணுக்கும் வேண்டாம். உங்களுக்கு எது?"

"கழுவுங்க! தேய்ச்சுக் கழுவுங்க!" என்றார் தாத்தா.

"தாத்தா!" என்றாள் தும்பை. "கழுவிட்டா, எனக்கு அப்பாவே இல்லைன்னு ஆயிடுமா?"

தாத்தா அவளைப் பார்த்தார். கருவாலனைப் பார்த்தார். அவர் கோபம் மலையளவு. ஆனால் அது அவருடைய கோபம். நெற்றி அவளுடையது.

"காவல் மண்ணே போதும்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

திமிலர் தலையசைத்தார். எல்லோரும் பார்க்க, தாத்தா முன்னங்காலால் சேற்றை அள்ளித் தும்பையின் நெற்றியில் வைத்தார். அவசரத்தில் பாதி மண் அவள் கண்ணில் விழுந்தது.

"கருவாலா, நீ வரலாம், பார்க்கலாம். தாத்தாவைக் கேட்காமல் ஓரடி கூட்டிப்போகக் கூடாது. சரிவில் இடம் குட்டி இருக்கும் வளைக்கே!" என்றார் திமிலர். கருவாலன் மண்ணைப் பார்த்தபடி நின்றான்.

கூட்டம் கலைந்தது. மரத்தின் மேலே ஒரு கிழட்டு மந்தி, மகன் விட்டுப்போன இரண்டு பேரன்களை மடியில் வைத்துப் பேன் பார்த்துக்கொண்டே சிரித்தது. "ஒரு பிடி சேத்துக்கு எத்தனை கூத்து! எனக்கெல்லாம் இது வேண்டாம்ப்பா. என் மகன் நல்லவன்."

தாத்தாவின் முள்ளெல்லாம் மறுபடி எழுந்தது. வால் சலசலத்தது.

"என் மருமகனும் போகும்போது நல்லவனாத்தான் போனான்! பேரப்பிள்ளையைப் பாசத்தால வளர்த்தா மட்டும் போதாது, அந்தப் பொறுப்பை ஊரறியக் கேட்டு வாங்கியும் வைக்கணும். திமிலர் இன்னும் கரையிலதான் நிக்கறார், உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன், ரெண்டு பேரையும் தூக்கிக்கிட்டு இப்பவே இறங்கி வா, தாயே!"