ஒன்பது நிமிடக் குடம்

ஷமீமா டீச்சரிடம் குறும்படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வந்த பதினோரு பேரில் ஏகாம்பரம் ஒருவருக்குத்தான் தலை நரைத்திருந்தது. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அவர் மகள் வயசு. இருந்துவிட்டுப் போகட்டும், தெரிந்தவர்களிடம்தானே கேட்டுக்கொள்ள முடியும் என்று, பெரம்பூரில் ஒரு தையல் கடை மாடியில் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் முதல் வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அங்கே கதையும் கிடையாது, கதாநாயகனும் கிடையாது.

"வீட்ல தினமும் நடக்கிற ஒரு வேலையை எடுங்க. கேமராவை ஒரே இடத்துல வைங்க. வேலை முடியற வரைக்கும் அதைத் தொடாதீங்க, நீங்களும் அசையாதீங்க" என்று டீச்சர் முதல் பாடம் கொடுத்தார். பார்த்துப் பார்த்தே மறந்துபோன வீடு அப்போதுதான் கண்ணுக்குத் தெரியுமாம்.

மற்றவர்கள் டீ போடுவதை எடுத்தார்கள், துணி மடிப்பதை எடுத்தார்கள். ஏகாம்பரம் குடம் நிரம்புவதை எடுத்தார். அவர் குடியிருந்த அடுக்குமாடியில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். அதுவும் நூல் மாதிரி விழும். ஒரு குடம் நிரம்ப ஒன்பது நிமிஷம் ஆகும். முக்காலியில் செல்போனை நிறுத்திவிட்டு, அவர் பின்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார். எழுந்தால் நிழல் குடத்தின் மேல் விழுந்துவிடும். அதனால் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார்.

ஐந்தாவது நிமிஷத்தில் உள்ளே இருந்து அவர் மனைவி கோமளா கூப்பிட்டாள்.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

"இரு, ஓடிட்டிருக்கு."

"சரி."

குடம் நிரம்பி வழிந்தது. வழிகிற தண்ணீரில் வெயில் பட்டுப் பார்க்க நன்றாக இருந்ததா, பாவி மனுஷன் இன்னும் அரை நிமிஷம் அதை ஓடவிட்டார். பிறகு உள்ளே போனார். கோமளா பீரோவில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். தொட்டால் சரிந்தாள். உயிர் போயிருந்தது.

கூப்பிட்ட உடனே போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டார். "சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். இல்லை என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பார். ஆமாம் என்றிருந்தாலும் ஒரு முடிவு தெரிந்திருக்கும். இந்தப் பதில் மனுஷனை உட்கார்ந்து தின்றது.

மூன்று மாதம் கழித்து வகுப்புக்கு வந்தார். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, டீச்சரின் லேப்டாப்பில் அந்த ஒன்பது நிமிஷத்தையும் போட்டுக் காட்டினார். நடந்தது அத்தனையும் சொன்னார்.

"அடுத்த வாரம் எல்லார் படமும் போடறீங்கல்ல. என்னுதையும் போடுங்க டீச்சர்" என்றார் ஏகாம்பரம். "ஆனா என் குரலை மட்டும் எடுத்துடுங்க."

"ஏன் சார்?"

"என் பொண்ணு தேன்மொழி பார்க்க வர்றா. அவகிட்ட நான் வேற மாதிரி சொல்லி வச்சிருக்கேன். போனை ஓடவிட்டுட்டுப் பால் வாங்கக் கீழ போயிருந்தேன், வந்து பார்த்தா அம்மா போயிட்டான்னு."

"உண்மையைச் சொல்லிடலாமே சார்."

"எந்த வாயால சொல்றது? உங்கம்மா கூப்பிட்டா, நான் குடத்தைப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன்னா?"

"அப்ப படத்தைப் போடாமலே விட்டுடலாம்."

"அதுலதான் கோமளா குரல் இருக்கு. போன்ல படம் எடுத்தாலே ஓடி ஒளிஞ்சுக்குவா. வேற எதுலயும் கிடையாது. அம்மா குரலை ஒரு தரம் கேக்கணும்னு தேன்மொழி துடிக்கறா."

ஷமீமா தலையசைத்தார். கேட்கக் கூடாது என்றுதான் ஏகாம்பரம் நினைத்திருந்தார். ஆனாலும் கேட்டுவிட்டார்.

"நீங்கதானே டீச்சர் அசையாதீங்கன்னு சொன்னீங்க."

"ஆமா சார். நான்தான் சொன்னேன். இனிமே அந்தப் பாடத்தை யாருக்கும் குடுக்க மாட்டேன்."

ஏகாம்பரத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாதிப் பழியையாவது இங்கே இறக்கிவைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் மாடியேறி வந்தோமோ என்று நினைத்துக்கொண்டார். இறக்கிவைத்தும் கனம் குறையவில்லை.

டீச்சர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். "இரு, ஓடிட்டிருக்கு" என்ற இடத்தை வெட்டினார். வெறுமனே விட்டால் தெரிந்துவிடும் என்று வேறொரு இடத்திலிருந்து தண்ணீர்ச் சத்தத்தை எடுத்து அங்கே நிரப்பினார். ஐந்து நிமிஷ வேலை. வெட்டிய இடம் தெரியவே இல்லை.

"கேளுங்க சார்" என்று ஓடவிட்டார்.

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

தண்ணீர். தண்ணீர் மட்டும்.

"சரி."

ஏகாம்பரம் முன்பு எத்தனையோ தடவை கேட்ட குரல்தான். இப்போது கேட்கச் சகிக்கவில்லை.

"அந்தச் 'சரி' இடிக்குது டீச்சர். ஆளே இல்லாதப்ப அம்மா யாருக்குச் சரின்னாங்கன்னு கேப்பா. அதையும் எடுத்துடுங்க."

ஷமீமா அந்த ஒரு சொல்லைத் திரையில் குறித்தார். விரலை பட்டன் மேல் வைத்தார். அழுத்தவில்லை.

"எடுத்துடறேன் சார். அம்மா கூப்பிட்டாங்க, பதில் சொல்ல வீட்ல ஒரு ஆள்கூட இல்ல, தனியாவே போயிட்டாங்கன்னு உங்க பொண்ணு ஆயுசுக்கும் நினைச்சுக்கட்டும். எடுத்துடவா?"