முப்பது கிலோ

குழந்தைகள் வார்டில் பதினெட்டு வருடமாக நர்ஸ் வேலையில் இருந்துகொண்டே, நாற்பத்தொரு வயதில் ஹெலன் புரோகிராமிங் வகுப்பில் சேர்ந்தாள். ஆசிரியர் நசீர் அவளைவிடப் பதினான்கு வயது இளையவர். அவள் அவரை "சார்" என்பாள். அவர் அவளை "சிஸ்டர்" என்பார்.

குழந்தையின் எடையைக் கொடுத்தால் காய்ச்சல் மருந்தின் அளவைச் சொல்லும் புரோகிராம் ஒன்றை அவள் எழுதி முடித்திருந்தாள்.

"திங்கட்கிழமை எங்க வார்டுக்குக் கொண்டு போகட்டா சார்?"

"வகுப்புல ரெண்டு பேர் படிச்சுப் பார்க்கட்டும்."

அவளுக்குச் சுருக்கென்றது. "நல்லா ஓடுது சார். இன்னொருத்தர் படிச்சு என்ன ஆகப்போகுது?"

நசீர் தன் கணினியை அவள் பக்கம் திருப்பினார். அதிலும் அதே வேலையைச் செய்யும் புரோகிராம்தான்.

"இதுல தப்பு இருந்தா சொல்லுங்க, சிஸ்டர்."

ஹெலன் பத்து கிலோ என்று அடித்தாள். நூற்றைம்பது மில்லிகிராம் என்று வந்தது. பன்னிரண்டு, இருபது, முப்பது. எல்லாம் அவளுக்கு மனப்பாடமான அளவுகள்.

"சரியா இருக்கு சார்."

"எழுதிக் கொடுங்க."

'சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"இப்ப எடையை அடிக்காம என்டரைத் தட்டுங்க."

தட்டினாள். நானூற்றைம்பது மில்லிகிராம் என்றது திரை.

"நான் ஒண்ணுமே கொடுக்கலையே! இது எங்கிருந்து வந்துச்சு?"

"படிங்க."

நசீர் திறந்து காட்டிய புரோகிராமின் முதல் வரியில் அவள் விரலை வைத்தாள். ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தாள். ஒன்பதாவது வரியில் விரல் நின்றது. பழைய எடையை எந்த வரியும் அழிக்கவில்லை. புதிய எடை வராவிட்டால், முந்தைய குழந்தையின் எடையே அங்கே உட்கார்ந்திருக்கும்.

முப்பது கிலோ. அடுத்து வருவது மூன்று கிலோ பச்சைக் குழந்தையாக இருந்தால்?

அவசரத்தில் எடையை அடிக்க மறந்து என்டரைத் தட்டும் கை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் கைதான் அது.

"பத்து மடங்கு, சார்!" திரையிலிருந்து விரலை எடுத்தாள். "யார் எழுதினது இது?"

"நான்தான். படிக்கிற காலத்துல."

"எங்கயாவது... போச்சா?"

"ஒரு கிளினிக்குக்குப் போச்சு. பிறந்து பத்து நாள் ஆன குழந்தை. மூடி நிறைய மருந்தை ஊத்தியாச்சு. அங்க இருந்த நர்ஸ் மருந்தைப் பார்த்தாங்க, குழந்தையைப் பார்த்தாங்க, கொடுக்காம மூடியைக் கீழ வச்சுட்டாங்க."

ஹெலன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் எனக்கு போன் பண்ணி, நீங்க இப்ப கேட்டதைத்தான் கேட்டாங்க. இது எங்கிருந்து வந்துச்சுன்னு. எழுதினவன் நான். எனக்குப் பதில் தெரியல."

ஹெலன் தான் கையெழுத்திட்ட தாளை எடுத்துக் கிழித்தாள். பையிலிருந்து தன் புரோகிராமின் தாள்களை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"என்னோடதுலயும் இப்படி ஏதாவது இருக்கா சார்?"

நசீர் தாள்களைத் தொடவில்லை.

"படிக்காம எப்படிச் சொல்றது, சிஸ்டர்?"