கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு போன்

திருமங்கலத்தில் மருந்துக்கடை மாடியில் ஜெசிந்தா என்றொரு ஆசிரியை கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திவந்தார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அதனாலேயே சேர்ந்தவர்களில் பாதிப்பேர் முதல் மாதத்திலேயே ஓடிப்போனார்கள். ஓடாமல் நின்றவர்களில் காசிமாயனும் ஒருவர். ஆசிரியையைவிட வயதில் மூத்தவர். பொறுமையில் அவரிடம் படிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைவிட இளையவர்.

காசிமாயனுக்குத் தொழில் பேனர் டிசைன் செய்வது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம், கண்ணீர் அஞ்சலி, எது வந்தாலும் போனில் ஒரு ஆப்பைத் திறப்பார். வாங்கிவைத்த டீ ஆறுவதற்குள் முடித்து அனுப்பிவிடுவார். ஊரில் பாதிப்பேர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வைத்தது அவருடைய கட்டைவிரல்தான்.

அந்தக் கட்டைவிரலால்தான் வினை வந்தது.

மனைவி பவளக்கொடிக்கு ஒரே தம்பி, தவமணி. கோயம்புத்தூரில் பெரிய அச்சகமொன்றில் டிசைனர். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில், எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்: "எங்க மச்சான் கட்டைவிரல்ல பொழைக்கிற ஆளு. போனைப் பிடுங்கிட்டா சோத்துக்கு லாட்டரிதான்."

பந்தி முழுக்கச் சிரித்தது. காசிமாயன் பாயசம் வரும்வரை காத்திருக்கவில்லை. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

மறுமாதமே வீட்டில் பெரிய திரையோடு ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. டிசைன் செய்வதற்கென்றே உள்ள மென்பொருளைத் திறந்து பார்த்தார். எந்தப் பக்கம் தொட்டாலும் ஒரு பட்டியல் வந்து விழுந்தது. மூடிவிட்டார். அப்போதுதான் யாரோ சொன்னார்கள், எமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போன் திறக்கும், உங்கள் ஆப்பை அதிலேயே ஓட்டலாம் என்று. காசிமாயனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தெரிந்த வேலை, பெரிய திரை. இதைவிட என்ன வேண்டும்?

இதெல்லாம் சாதாரண நாளில் நடந்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் யாழிசைக்குக் குலசாமி கோயிலில் காதுகுத்து. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். பத்திரிகை வைக்கப் பவளக்கொடி தனியாகத்தான் கோயம்புத்தூர் போய்வந்தாள். வருகிறேன் என்றும் தவமணி சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"பாப்போம்க்கா" என்றானாம்.

பேனர் மட்டும் வெள்ளிக்கிழமை பிரிண்டுக்குப் போயாக வேண்டும். அதைக் கம்ப்யூட்டரிலேயே செய்து, திரைக்கு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தபடி ஒரு போட்டோவும் எடுத்து, இரண்டையும் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் போடுவது என்று காசிமாயன் முடிவு செய்திருந்தார். தவமணியும் அந்தக் குழுவில் இருக்கிறான்.

திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டில் சுற்றி, வண்டியில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்து சேர்ந்தார்.

"என்னண்ணே செய்யுது?" என்று ஆசிரியை கேட்டார்.

"ஒண்ணுமே செய்யல டீச்சர். அதான் பிரச்சினை. உள்ள ஃபேன் மட்டும் மாவு மில்லு மாதிரி கத்துது. எமுலேட்டரு தொண்ணூத்தொம்பதுல வந்து நிக்கிது. அந்த ஒண்ணு ஏறமாட்டேங்குது."

ஆசிரியை கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். அது கண்விழிக்கும்போதே ஒரு பட்டனை அழுத்தி நீலத்திரைக்குள் நுழைந்தார். அணைந்திருந்த ஓர் அமைப்பை இயக்கிவிட்டார். வெளியே வந்தார். எமுலேட்டர் திறந்துகொண்டது.

"என்ன டீச்சர் செஞ்சீங்க?"

"உள்ள குடிவர்ற ஆளுக்குக் கதவு திறந்துவிடணும்ல? பூட்டியே வச்சிருந்தா அது எங்கிட்டு வரும்?"

காசிமாயன் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் படியேறினார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"கேலரி காலியா இருக்கு டீச்சர்! சொந்தக்காரங்க போட்டோ அம்புட்டையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். அந்த ஆப்புக்குள்ள போய்ப் பாத்தா ஒரு ஈ காக்கா இல்ல."

"போட்டோ வீட்டுல இருக்கு. ஆப்பு உள்வாடகைக்கு இருக்கு. ரெண்டுக்கும் பொதுவா ஒரு அலமாரி உண்டு. அதுல வைங்க." அந்தப் பொது ஃபோல்டரைத் திறந்து காட்டினார்.

"சரி. ரெண்டு விரலை விரிச்சுப் படத்தைப் பெருசாக்குவேன்ல? அதை மவுஸ்ல எப்படிச் செய்ய?"

ஆசிரியை ஒரு விசையை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டிக் காட்டினார். படம் பெரிதானது. காசிமாயன் செய்தார். படம் திரையை விட்டே வெளியே போய்விட்டது. பதறிப்போய்க் கட்டைவிரலால் திரையைத் தொட்டு இழுத்தார். கண்ணாடியில் ரேகை விழுந்ததுதான் மிச்சம்.

"இதுக்கெல்லாம் ஒரு சூட்சுமம் இருக்கும்ல டீச்சர்? அதை ஒரேயடியா சொல்லிக்குடுத்துட்டா என்னவாம்?"

ஆசிரியை ஈரத்துணி எடுத்துத் திரையைத் துடைத்தார்.

புதன்கிழமை வீட்டில், பாதி முடிந்த பேனரைப் பவளக்கொடி பார்த்துவிட்டாள். மேலே குலசாமி. நடுவில் யாழிசை. பக்கத்தில் பெரியப்பா, சித்தப்பா, ஊர்ப் பெரியவர்கள். தாய்மாமன் என்று போட்டுப் பெரிய வட்டமாக வைக்கவேண்டிய இடத்தில் ஒரு மயில் தோகை விரித்துக்கொண்டிருந்தது. தவமணி அடி வரிசையில், நண்பர்கள் என்ற தலைப்பின் கீழ், ஆட்டோ ஸ்டாண்டு ஆட்களுக்கு நடுவில் இருந்தான்.

"ஏங்க, என் தம்பியை எங்க வச்சிருக்கீங்க?" அவள் குரல் இறங்கிப்போயிருந்தது.

"முதல்ல இந்த எழவு ஒழுங்கா ஓடட்டும்டி. படத்தை எங்கிட்டு வேணாலும் மாத்திக்கலாம்."

"அப்ப யாரு மடியில பிள்ளையை உக்கார வைக்கப் போறீங்க?"

காசிமாயன் சக்கரத்தை உருட்டினார். திரை சட்டென்று நெட்டுக்குத்தாகத் திரும்பி நின்றது. போனைத் திருப்பிப் பிடித்தால் படம் திரும்புமே, அதுபோல. ஆனால் இங்கே யாரும் எதையும் திருப்பவில்லை. மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். பவளக்கொடி அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவர் படியேறிய சத்தத்தில் கீழே மருந்துக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"டீச்சர், இது ஆகாது!"

"என்ன ஆச்சு? ஓடலையா?"

"ஓடுது. எல்லாம் ஓடுது. எழுத்து அடிச்சாக் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் நிக்கிது, அதையும் சரிபண்ணிட்டேன். சேவ் பண்ணினது எங்க போச்சுன்னு காலையில இருந்து தேடி அதையும் கண்டுபிடிச்சிட்டேன். ஆனா போன்ல கண்ணை மூடிக்கிட்டுச் செய்வேன் டீச்சர் இந்த வேலையை! இதுல நாலு நாளா உக்காந்திருக்கேன். நாளைக்குப் பிரிண்டு. என்னதான் தப்பு பண்றேன்?"

"போன்லயே செஞ்சிருங்களேண்ணே."

"போன்ல செய்யமாட்டேன்."

"கம்ப்யூட்டர்லதான் செய்யணும்னா, அதுக்குன்னு உள்ள சாஃப்ட்வேரைக் கத்துக்குங்க. சொல்லித்தர்றேன். நாளாகும்."

"ஞாயித்துக்கிழமை காதுகுத்து டீச்சர்!"

"அப்ப போன்."

"போன்ல மாட்டேன்னுல்ல சொல்றேன்!" எதிரே தட்டச்சுப் பழகிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். காசிமாயன் குரலை இறக்கினார். "போன்ல செஞ்சா, போன்ல செஞ்சதுன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோகும்."

பந்தியில் நடந்ததை அப்போதுதான் சொன்னார். ஆசிரியை கேட்டுக்கொண்டே அவர் பெட்டியைத் தன் திரையோடு இணைத்தார். பேனரைத் திறந்தார். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். மயிலைப் பார்த்தார். ஆட்டோ ஸ்டாண்டு வரிசையையும் பார்த்தார்.

"பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்த மண்டபத்துல இன்னைக்கு ஒரு விசேஷம். வாசல்ல பெரிய பேனர் கட்டியிருக்காங்க. அங்க போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்க. அதைப் போன்ல செஞ்சாங்களா, கம்ப்யூட்டர்ல செஞ்சாங்களான்னு வர்றவங்ககிட்டக் கேட்டுட்டு வாங்க."

"இந்த வெயில்லயா? எனக்கு வேலை தலைக்குமேல கெடக்கு டீச்சர்."

"பதில் வேணும்னு நீங்கதானே கேட்டீங்க?"

காசிமாயன் வாய்க்குள் எதையோ திட்டிக்கொண்டே இறங்கிப்போனார்.

மண்டப வாசலில் நிழல் என்று பேருக்குக்கூட ஒன்றும் இல்லை. பேனர் இரண்டாள் உயரம். ஒரு பெரியவர் குடையோடு வந்தார். மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டே போய்ப் படங்களைத் தடவித்தடவிப் பார்த்தார். "இந்தா இருக்கேன்!" என்று பொக்கைவாய் தெரியச் சிரித்தார். காசிமாயன் கேட்டார், "ஐயா, இது எதுல செஞ்சதுன்னு தெரியுமா?"

"ஃப்ளெக்ஸ்லதான். வேற எதுல செய்வாக?"

இரண்டு பெண்கள் வந்தார்கள். தங்கள் அண்ணனின் படத்தைக் கண்டுபிடித்து அதன் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அடுத்து வந்தவர் தன் முகத்தின்மேல் கட்டுக்கயிறு போவதைப் பார்த்துவிட்டு, "ஏப்பா, கட்டுனவனுக்கு என் மூஞ்சிதான் கெடைச்சுச்சா?" என்று கயிற்றைத் தானே நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். காசிமாயன் கேட்டதை இவர்களில் ஒருவரும் காதில் வாங்கவில்லை.

பிறகு ஒரு பஸ் வந்து நின்றது. வேட்டி மடிப்புக் கலையாமல் ஒருவர் இறங்கினார். கையில் ஜரிகைத்தாள் சுற்றிய பெரிய தாம்பாளம். பின்னால் மனைவி. அவர் பேனருக்கு முன்னால் நின்று மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடியும் கீழிருந்து மேலே பார்த்தார். பிறகு தாம்பாளத்தை மனைவி கையில் கொடுத்தார்.

"நீ போய்க் குடுத்துட்டு வா. நான் டீக்கடையில இருக்கேன்."

"என்னங்க இது, வாசல்வரைக்கும் வந்துட்டு…"

"போயிட்டு வான்னா."

அவர் டீக்கடைப் பெஞ்சில் போய் மண்டபத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கேட்பதா வேண்டாமா என்று தயங்கி, காசிமாயன் கிட்டே போனார்.

"அண்ணே, அந்தப் பேனரு போன்ல செஞ்சதா கம்ப்யூட்டர்ல செஞ்சதான்னு…"

அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். "எதுல செஞ்சா எனக்கென்னய்யா?" என்றார். கண் கலங்கியிருந்தது.

காசிமாயன் திரும்பிவந்து படியேறியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வந்த வேகத்தில் பொரிந்து தள்ளினார்.

"ஒருத்தனுக்கும் தெரியல டீச்சர். தெரியணும்னும் இல்ல. வர்றவன் போறவன் எல்லாம் அவனவன் மூஞ்சியைத்தான் தேடுறான். அதை விடுங்க. ஒரு மனுசன், பாவம், சீர்த்தட்டோட பஸ்ஸ விட்டு எறங்குறாரு. என்ன உறவோ, என்ன மனத்தாங்கலோ. அவரு படத்தையே போடல டீச்சர்! வாசலோடவே திரும்பிட்டாரு. எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. அந்த டிசைன் பண்ணினவனுக்குக் கொஞ்சமாவது அறிவு வேணாமா? ஒரு படம்! ஒரு வட்டம் போட்டு ஒரு படம் வைக்க எவ்வளவு நேரமாகும்? அவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா…"

ஆசிரியை திரையை அவர் பக்கமாகத் திருப்பிவைத்தார்.

அதில் காசிமாயனின் பேனர் இருந்தது. மயில் தோகை விரித்திருந்தது. அடி வரிசையில் தவமணி யாரையும் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தான். அது பவளக்கொடியின் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்த படம். அன்றைக்கு அவன் தோளில் கை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றவர் காசிமாயன்தான். வெட்டியதில் அந்தக் கை போய், விரல்கள் மட்டும் இன்னும் தோளில் ஒட்டிக்கொண்டிருந்தன.

தட்டச்சுப் பழகிய பெண்கள் எழுந்து போனார்கள். அவர் உட்கார்ந்தே இருந்தார். அழுதுவிடுவோமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். அதைப் பார்த்தார். மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரையும் பார்த்தார். பழைய எரிச்சல் கொஞ்சம் திரும்பி வந்தது.

"சரி டீச்சர். இப்பவாச்சும் ஒண்ணே ஒண்ணுக்கு நேரா பதில் சொல்லுங்க. தாய்மாமன் படத்தை நான் எதுல செய்ய? இதுலயா, அதுலயா?"

"பிள்ளைக்கு மடி கேக்கப் போறீங்கண்ணே" என்றார் ஆசிரியை. "எதுல வேணாலும் கேளுங்க."