கையைப் பிடித்தவன்

சோரகா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். வயது நாற்பத்திரண்டு. ஊர் அயர்லாந்தின் மேற்குக் கடலோரம். அங்கே வீட்டுக்குள் இன்னும் ஐரிஷ்தான் பேச்சு. பழைய பாட்டு வேண்டுமென்றால் அவளிடம்தான் போக வேண்டும்.

அவளுடைய சீடர் டியர்மட். வயது அறுபத்தொன்று. தபால்காரராக இருந்து ரிட்டயர் ஆனவர். சீடன் வயதில் மூத்தவனாக இருக்கக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

கற்றதை வைத்து அவர் ஒரு குழு ஆரம்பித்தார். ஐரிஷ் பாட்டு, ஜமைக்காவின் ரெகே தாளம், நடுவில் ஆப்பிரிக்க மேளம். சிலர் ஆடினார்கள். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் வென்டல். ஜமைக்காக்காரன். பகலில் மீன் ஷெட்டில் வேலை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம். பள்ளிக்கூட வாசலில் பஸ் நின்றிருந்தது. மணி அடிக்க இருபது நிமிஷம் இருந்தது. டியர்மட் ஏறினார்.

"ஒரு சந்தேகம்."

"கேளுங்க, தபால்காரரே."

"ஞாயித்துக்கிழமை விழாவுல உங்க மாமா பாட்டைப் பாடறோம்."

சோரகாவின் தாய்மாமன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அவரை நினைத்து அவள் அம்மா கட்டிய பாட்டு அது.

"தெரியும்."

"அந்தப் பாட்டுக்கு மட்டும் வென்டலை மேடையை விட்டு இறக்கணுமாம். விழாக் கமிட்டி சொல்லுது. அவனுக்கு நம்ம பாஷையும் தெரியாது, நம்ம துக்கமும் தெரியாதாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"அவன்கிட்ட?"

"இன்னும் சொல்லலை. சொன்னா குழுவை விட்டே போயிடுவான். அவன் போனா குழு இல்லை." டியர்மட் தொப்பியைக் கையில் சுருட்டினார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா..."

"என்ன வார்த்தை?"

"இறக்குறது சரிதான்னு."

"அவனைக் கூட்டிட்டு வாங்க."

ஷெட் எதிரே இருந்தது. வென்டல் ரப்பர் பூட்ஸோடு வந்தான். எதற்கென்று அவனுக்குத் தெரியாது.

"துடைச்சுட்டு ஏறு. பிள்ளைங்க ஏறுற பஸ்."

"துடைச்சா வாசனை போகாது, அக்கா."

"தெரியும். துடை."

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஒருவர் சோகப் பாட்டு எடுத்தால், பக்கத்தில் இருக்கிறவர் அவர் கையைப் பிடித்துக்கொள்வார். பிடித்த கையை மெல்லச் சுற்றுவார். பாடுகிறவர் தனியாக இல்லை என்று அர்த்தம். கடைசி வரியைப் பாடுவதில்லை. பேசுகிற மாதிரி சொல்லிவிடுவார்கள். அத்தோடு பாட்டு முடிந்தது. பாடினவருக்குச் சொல்ல வரவில்லையென்றால் கையைப் பிடித்தவர் சொல்ல வேண்டும்.

சோரகா டியர்மட்டிடம் கையை நீட்டினாள்.

"முதல்ல நீங்க."

கண்ணை மூடிப் பாடினாள். டியர்மட் கையைச் சுற்றினார். சீராக, ஒரே அளவாக. இரண்டு வரி போனது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"என்ன ஆச்சு?"

"வெண்ணெய் கடையறீங்க."

வென்டல் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தாளம் தப்பலையே?"

"தப்பலை. அதான் சொல்றேன். வென்டல், நீ வா."

வென்டல் கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் முதலிலிருந்து தொடங்கினாள். அவன் கை அசையவில்லை. ஒரு வரி போனது. அவள் மூச்சு வாங்கிய இடத்தில் கை கொஞ்சம் நகர்ந்தது. பிறகு நின்றது.

"சுத்தவே மாட்டேங்கிறானே," டியர்மட் முணுமுணுத்தார்.

யாரும் திரும்பவில்லை.

காலையில் படகு இறக்கினவனைப் பற்றிய பாட்டு. துவைத்த சட்டையைக் கல்சுவரில் போட்டுவிட்டுப் போனான், வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். பாட்டு கடைசி வரிக்கு வந்தது. சோரகா வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

டியர்மட்டுக்கு அந்த வரி தெரியும். எந்த சுரத்தில் எடுப்பது என்று யோசித்தார்.

அதற்குள் வென்டல் சொன்னான். ஐரிஷில், ஜமைக்கா வாடையோடு, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல.

"சட்டை காஞ்சுடுச்சு."

பஸ் கூரையில் ஒரு கடற்காகம் நடந்தது.

"எங்கேடா கத்துக்கிட்டே?" டியர்மட் கேட்டார்.

"எட்டு வருஷமா உங்க பின்னாடி நிக்கிறேனே."

"கையை ஏன் சும்மா வச்சிருந்தே?"

"எங்க தாளத்துல முதல் அடியை விட்டுடுவோம், அண்ணா."

"எதுக்கு?"

"யாராவது வந்தா உக்கார இடம் வேணும்ல."

மணி அடித்தது. வென்டல் இறங்கி ஷெட்டுக்கு ஓடினான். சோரகா புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். கையை மோந்து பார்த்தாள்.

"மீன்," என்றாள். சிரித்தாள். எஞ்சினைக் கிளப்பினாள்.

டியர்மட் படியில் நின்றார்.

"அப்போ ஞாயித்துக்கிழமை அவன் வாசிக்கலாமா?"

"என்னை ஏன் கேக்கறீங்க?"

"வேற யாரைக் கேக்க?"

"அவனைக் கேளுங்க. அவன் கூட மேடையில நீங்க நிக்கலாமான்னு. இப்போ இறங்குங்க, தபால்காரரே. பிள்ளைங்க ஏறணும்."