மெழுகு வேண்டாம் என்ற மணிக்காரர்

கடலுக்கு யாரும் பேர் வைக்காத காலம் அது, கண்ணுகளா. அந்தக் கரையில் நாகணன் என்று மணி வார்ப்பவர் ஒருவர் இருந்தார். கப்பலில் அவருக்குச் செம்பு வரும், வெள்ளீயம் வரும்; மலையிலிருந்து மெழுகு வரும். மெழுகில் மணி செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் வெண்கலம் ஊற்றுவார்.

நல்ல மனுஷர்தான். ஆனால் வேண்டியதை வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். சொன்னால் விலை ஏறிவிடுமாம்.

ஒரு வருஷம் ராஜா ஆள் அனுப்பினார். "பனியில் தோணிகள் பாறையில் மோதுகின்றன. மார்கழிக்குள் பெரிய மணி வேண்டும்." நாகணனின் மருமகனும் தோணிக்காரன்.

கொன்றை பூத்தபோது மலைக்காரி நஞ்சி வந்தாள். "மெழுகு வேணுமா சாமி?"

"வேண்டாம். வீட்டில குவிஞ்சு கிடக்கு."

நாவல் பழுத்தபோது வந்தாள். வேண்டாம் என்றார். மழை இறங்கியபோது வந்தாள். அப்போதும் வேண்டாம் என்றார். "விலையைக் குறைச்சுக்கிட்டுத் தானா வருவா, பாரு" என்று மகள் குமுதையிடம் சிரித்தார்.

நஞ்சி வரவில்லை. மார்கழி வந்தது. பால் கொட்டினது போல் கடலெல்லாம் பனி. செம்பு இருந்தது, வெள்ளீயம் இருந்தது, மெழுகு இல்லை. புருஷன் போன திசையையே குமுதை பார்த்து நின்றாள்.

நாகணன் மலையேறினார்.

"குவிஞ்சு கிடக்குன்னீங்களே சாமி, எலி தின்னுட்டுதோ?" என்றாள் நஞ்சி.

"பொய் சொன்னேன் தாயி. என் மருமகன் கடல்ல இருக்கான்."

நஞ்சியின் சிரிப்பு நின்றது. "நாங்க அதை நிஜம்னு நம்பி, தேனடையெல்லாம் கரடிக்கு விட்டுட்டோமே."

வில் நாணுக்குப் பூச வைத்திருந்த மெழுகைக் குடிசை குடிசையாகக் கேட்டு வாங்கித் தந்தாள். சின்ன மணிக்குத்தான் அது போதும்.

வார்த்த மணியைக் கரையில் கட்டினால் அதன் சத்தம் பாறை வரைக்கும் எட்டாது. நாகணன் மணியோடு கட்டுமரத்தில் ஏறிப் பாறையடிக்கே போனார். தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாத வெள்ளைக்குள் உட்கார்ந்து, சாமியைக் கும்பிட்டுக்கொண்டே அடித்தார். ஒரு தோணி விலகிப் போனது. இன்னொன்று போனது. நெடுநேரம் கழித்து மூன்றாவதிலிருந்து ஒரு குரல்: "மாமா, நீங்களா?"

மறுவருஷம் கொன்றை மொட்டு விடும் முன்பே நாகணன் மலையேறி, எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டும் என்று உள்ளபடி சொன்னார்.

பொருள் தருகிறவரிடம் தன் தேவையை முன்கூட்டியே மறைக்காமல் சொல்பவருடைய தொழில்தான் வேண்டிய வேளையில் கைகொடுக்கும், கண்ணுகளா.